ஆவணியில் ஒரு மார்கழி

டிஸ்கி: நான் டாக்டரும் இல்லை, வானிலை ஆராய்ச்சி பண்றவனும் இல்லை. பி.காம். முடிச்சுட்டு இருபது வருஷமா பேங்க்ல ஆணி பிடுங்குற ஆசாமி. எனக்குத் தெரிஞ்சது வரவு, செலவு, இருப்பு. அந்தக் கணக்கை வெச்சுத்தான் இதையும் புரிஞ்சுக்கிட்டேன்.

வடக்கே மாற்றல் ஆகிப் போற நம்ம ஆளுங்களுக்கு எல்லாரும் கொடுக்குற அட்வைஸ் ரெண்டே ரெண்டு. "ஹிந்தி கத்துக்கோ." "நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்கோ." காத்தைப் பத்தி யாரும் பேசுறதில்லை. பேசினாலும் நாம காதுல வாங்கிக்கிறதில்லை. நான் வாங்கிக்கலை.

2022 ஜூலையில் புரமோஷனோட கான்பூருக்கு ஆர்டர் வந்தது. சொந்த ஊர் நாகப்பட்டினம். காலேஜ் முடிக்கிற வரைக்கும் கடல் காத்துலயே வளர்ந்த உடம்பு. ஆர்டரைப் பார்த்ததும் ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "ஐயையோ, அந்த ஊரா? உலகத்துலயே மோசமான காத்துன்னு பேப்பர்ல போட்டானே"ன்னார். அவர் சொன்னது பொய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பட்டியலில் கான்பூர்தான் முதல் இடம். ஒரு கன மீட்டர் காற்றில் பி.எம். 2.5 எனப்படுற நுண்துகள் வருஷ சராசரியா 173 மைக்ரோகிராம். நம்ம நாட்டு வரம்பு 40. அதே நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு வெறும் 5.

ஆனா நாங்க போய் இறங்கினப்ப நல்ல மழை. வேப்ப மரமெல்லாம் குளிச்சுட்டு நிக்குது. கங்கை ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. வானம் நீலமா, அலம்பி விட்ட மாதிரி. "பேப்பர்காரனுக்கு வேற வேலை இல்லை"ன்னு தங்கமணிகிட்ட சொல்லி சிரிச்சேன். ஆகஸ்ட், செப்டம்பர் வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 24. அதுக்கப்புறம் ஒவ்வொரு நாளும் வானத்துல கொஞ்சம் கொஞ்சமா சாம்பல் கலக்க ஆரம்பிச்சது. மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டைக் காலரில் கறுப்புக் கோடு. சாயங்காலம் ஏழு மணிக்குத் தெருவிளக்கைச் சுத்தி ஒரு மஞ்சள் வட்டம். பாப்பாவுக்கு (அப்ப ஏழு வயசு) லேசா இருமல். குளிர் ஒத்துக்கலைன்னு நினைச்சோம். கஷாயம் வெச்சுக் கொடுத்தோம்.

டிசம்பர் ரெண்டாவது வாரம் அம்மா ஊர்ல இருந்து வந்தாங்க.

அம்மாவுக்கு எழுபத்திரெண்டு வயசு. மார்கழி பொறந்தா நாலரைக்கு எழுந்து, ஜன்னல் எல்லாம் திறந்து விட்டு, வாசல் தெளிச்சு, கோலம் போட்டு நடுவுல பூசணிப் பூ வெக்கிற ஆள். கான்பூர்ல பூசணிப் பூவுக்கு எங்கே போறது? சாமந்தி வெச்சாங்க. சாணத்தைப் பால்காரர்கிட்ட கையைக் காட்டியே சொல்லி வாங்கிட்டாங்க! எங்க கேட் முன்னாடி கோலத்தைப் பார்த்துட்டு எதிர்வீட்டு ஆன்ட்டி போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாங்க. அம்மாவுக்குப் பெருமை தாங்கலை.

பாப்பா அப்பாயி பின்னாடியே சுத்துவா. அஞ்சு மணிக்குக் குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் மாட்டிக்கிட்டுப் புள்ளி வெக்கப் போயிடுவா. தங்கமணி ஒரு நாள், "இந்தக் குளிர்ல எதுக்குங்க?"ன்னு கேட்டாங்க. நான்தான் பெரிய மேதாவி மாதிரி, "மார்கழி விடியக்காலைல ஓசோன் நிறைய இருக்கும், நுரையீரலுக்கு நல்லது, நம்ம முன்னோர்கள் முட்டாள் இல்லை"ன்னு எடுத்து விட்டேன். அந்த ஓசோன் விஷயத்தைப் பல வருஷமா குடும்ப குரூப்ல அனுப்பிக்கிட்டு இருந்ததும் அடியேன்தான். எல்லா மார்கழிக்கும் ஒரு தடவை.

பன்னிரண்டாவது நாள் ராத்திரி பாப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பிச்சது. விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ளே போய்ப் போய் வருது. "அப்பா"ன்னு ஒரு வார்த்தையை முழுசா சொல்ல முடியலை. அந்த மூடுபனியில் பத்தடிக்கு முன்னாடி ரோடு தெரியலை. தங்கமணி கார் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி வழி சொல்ல, நான் ஓட்டினேன். நாலு கிலோமீட்டர் போக முக்கால் மணி நேரம். நெபுலைசர், ஆக்சிஜன், ரெண்டு ராத்திரி ஆஸ்பத்திரி.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "பச்சி சுபஹ் பாஹர் ஜாத்தி ஹை க்யா?" குழந்தை காலையில் வெளியே போறாளா?

நான் கோலத்தைச் சொன்னேன். அஞ்சு மணியைச் சொன்னேன். ஜன்னல் எல்லாம் திறந்து வெக்கிறதைச் சொன்னேன். ஓசோனை மட்டும் சொல்லலை. அவங்க ஒரு பேப்பர்ல மருந்தை எழுதிட்டு, கீழே பெருசா ரெண்டு வரி எழுதினாங்க. காலை பத்து மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறுக்கு அப்புறமும் வெளியே வேண்டாம். ஜன்னலை மதியம் மட்டும் திறங்க.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டாங்க. "தம்பி, நான்தான் புள்ளையைக் கெடுத்துட்டேனா? விடியக்காத்து நல்லதுன்னுதானேப்பா எங்க ஆத்தாவும் சொல்லிச்சு. எனக்கு டிக்கெட் போட்டுடு, நான் ஊருக்குப் போயிடறேன்."

அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை. "அதெல்லாம் இல்லைம்மா"ன்னு சொன்னா அவங்க நம்புற ஆள் இல்லை. அதனால படிக்க ஆரம்பிச்சேன். ஆபீஸ் டைரி ஒன்றில் கோடு போட்டு, தேதி, இருமல், பனி, காற்று, வெயில் எப்ப வந்ததுன்னு லெட்ஜர் மாதிரி எழுத ஆரம்பிச்சேன்.

அம்மாவுக்கு பாஸ்புக் நல்லாத் தெரியும். குடும்ப பென்ஷன் பாஸ்புக்கை மாசாமாசம் என்ட்ரி போட்டு வரி வரியாப் பார்ப்பாங்க. அதனால அப்படியே சொன்னேன்.

"அம்மா, இந்த ஊர் வானத்தை ஒரு கணக்குன்னு வெச்சுக்க. சிம்னி, லாரி, குப்பை எரிக்கிறது, செங்கல் சூளை எல்லாம் தினம் புகையை இதுல டெபாசிட் பண்ணுது. காத்தும் மழையும் வந்து வித்டிராயல் பண்ணிட்டுப் போகுது. டெபாசிட் நிக்கவே நிக்காது. வித்டிராயல் நின்னுபோனா என்ன ஆகும்?"

"பாக்கி ஏறிக்கிட்டே போகும்."

"அதான் இங்க மார்கழி."

கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன். கான்பூர் இருக்கிறது கங்கைச் சமவெளியில். வடக்கே இமயமலை ஒரு மதில். தெற்கே மேட்டு நிலம். நடுவுல பஞ்சாப்ல இருந்து வங்காளம் வரைக்கும் நீளமா ஒரு தொட்டி மாதிரி தட்டையான பூமி. கடல் பல நூறு கிலோமீட்டர் தள்ளி. நம்ம ஊர்ல மதியம் ஆனா கடல் காத்து வந்து தெருவைப் பெருக்கி விட்டுட்டுப் போகுமே, அந்த வேலைக்காரர் இங்கே வர்றதே இல்லை. அறுவடை முடிஞ்ச அக்டோபர், நவம்பர்ல பஞ்சாப், ஹரியானா பக்கம் வைக்கோல் தாளை எரிச்சா, வடமேற்குக் காத்து அந்தப் புகையையும் இதே தொட்டி வழியாத்தான் தள்ளிக்கிட்டு வருது.

அடுத்தது குளிர்காலத்து ராத்திரி. சூரியன் போனதும் தரை சூட்டை வேகமா இழந்துடும். தரையை ஒட்டின காற்று ஜில்லுன்னு ஆயிடும், அதுக்கு மேலே இருக்கிற காற்று கொஞ்சம் கதகதப்பாவே இருக்கும். வழக்கமா கீழே இருக்கிற சூடான காற்று மேலே ஏறும், புகையையும் கூட்டிக்கிட்டுப் போகும். இங்கே கீழே இருக்கிறது கனமான குளிர்காற்று. அது ஏறாது. மேலே சூடான காற்று இட்லிப் பானை மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். கோடை மதியத்துல ரெண்டு மூணு கிலோமீட்டர் உயரத்துக்குப் பரவுற புகை, இந்த ராத்திரிகள்ல சில நூறு மீட்டருக்குள்ளேயே, சில நாள் அதுக்கும் கீழே, அடைஞ்சு கிடக்கும். அதே புகை, பத்தில் ஒரு பங்கு இடம்.

பனியும் சேர்ந்தா இன்னும் மோசம். புகைத் துகளைச் சுத்தித்தான் பனித்துளி உருவாகுது. பனி வெயிலை மறைக்குது. வெயில் வராததால் தரை சூடாகலை. தரை சூடாகாததால் மூடி திறக்கலை. நல்ல நாள்ல பத்து பதினோரு மணிக்கு விலகுற மூடி, பனி நாள்ல மதியம் தாண்டியும் விலகாது. ராத்திரி முழுக்கச் சேர்ந்த பாக்கி அத்தனையும் விடியக்காலையில்தான் கைக்கு வருது. நான் ஊருக்கெல்லாம் சிபாரிசு பண்ணின அதே அஞ்சு மணிக்கு.

ஓசோன் கதையையும் பார்த்தேன். நம்மைக் காக்கிற ஓசோன் படலம் தலைக்கு மேலே பதினைஞ்சு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கு. தரையில் இருக்கிற ஓசோன், வாகனப் புகை மேல வெயில் பட்டு உண்டாகுறது. அது மதியத்துலதான் அதிகம், விடியக்காலையில் குறைவு. முக்கியமான விஷயம், அது நுரையீரலுக்கு நல்லதே இல்லை, கெடுதல். இத்தனை வருஷம் நான் அனுப்பினது மொத்தமும் ராங் என்ட்ரி.

இதை ஆபீஸ் வேலையிலும் சரிபார்க்க முடிஞ்சது. கடன் கொடுத்த ஃபேக்டரிகளுக்கு ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷன் போறது என் வேலையில் ஒரு பகுதி. ஜாஜ்மாவ் பக்கம் தோல் பதனிடுற இடங்கள், தாதா நகர், பன்கி பக்கம் பிளாஸ்டிக், இரும்பு, சோப்பு யூனிட்டுகள். ஒரு காலத்துல 'கிழக்கின் மான்செஸ்டர்'னு பேர் வாங்கின ஊர். அந்தப் பெரிய பஞ்சாலைகள் மூடினாலும் செங்கல் சிம்னிகள் இன்னும் நிக்குது. ஒரு பார்ட்டியோட ஸ்டேட்மெண்ட்ல பாய்லருக்கு வாங்கின எரிபொருள் செலவை மாசவாரியா வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஜூலைக்கும் டிசம்பருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே சிம்னி, அதே புகை. ஜூலையில் நான் அந்த வாசல்ல நின்னு டீ குடிச்சேன். டிசம்பர்ல கர்சீப்பை மூக்குல வெச்சுக்கிட்டு நின்னேன்.

குளிர்காலத்துல கூடுதல் டெபாசிட்டும் உண்டு. ராத்திரி தெருமுனையில் 'அலாவ்'னு நெருப்பு மூட்டிக் குளிர் காயறது, சூளைகள் எரியறது. இல்லைன்னு சொல்லலை. ஆனா வித்தியாசத்துல பெரும் பங்கு வானம் தாழ்ந்து போனதுதான்.

அப்படின்னா தப்பு வானத்து மேல, சிம்னி மேல இல்லைன்னு அர்த்தமா? இல்லவே இல்லை. வட்டி ஏறுற மாசம்னு தெரிஞ்சே கடன் வாங்கிக்கிட்டு, பிறகு கேலண்டரைத் திட்டினா எப்படி? காத்து நகராத ஊர்ல புகையைக் குறைக்கிற பொறுப்பு காத்து அடிக்கிற ஊரை விடப் பல மடங்கு அதிகம். முன்னெல்லாம் கடன் ஃபைல்ல மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதிக் காகிதம் இருக்கான்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவேன். இப்ப தேதியைப் பார்க்கிறேன், என்ன எரிபொருள்னு பார்க்கிறேன், நேர்ல போனா சிம்னியை அண்ணாந்து பார்க்கிறேன். இதனால உலகம் திருந்திடலை. ஒரு பார்ட்டி மட்டும் விறகு பாய்லரை கேஸுக்கு மாத்த டேர்ம் லோன் கேட்டப்ப, அந்த ஃபைலை மேஜையில் தூங்க விடலை. அவ்வளவுதான் என் சாதனை.

மற்ற பருவங்களும் தனிக்கதை. ஏப்ரல், மே மாசத்துல 'லூ'ன்னு அனல் காத்து. சில சாயங்காலம் 'ஆந்தி' வரும். மேற்கே இருந்து மண்ணை வாரிக்கிட்டு வந்து, அஞ்சு நிமிஷத்துல வானம் ஆரஞ்சு கலராயிடும். வீடு பூரா மணல். கண்ணுக்குப் பயங்கரமா இருக்கிறது இதுதான். ஆனா மண் துகள் பெருசு, நிறைய மூக்குலயும் தொண்டையிலயும் தங்கிடும். தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்கு இருக்கிற டிசம்பர் புகைத் துகள்தான் நுரையீரலோட அடி வரைக்கும் இறங்குது. ஜூன் கடைசியில் மழை வந்ததும் கணக்கு ஒரேயடியா நேர் ஆயிடும்.

அம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "அப்ப நம்ம ஊர்ல எங்க ஆத்தா சொன்னது பொய்யா?"

இல்லைம்மா. நாகப்பட்டினத்துல ஐப்பசி, கார்த்திகையில வடகிழக்குப் பருவமழை அடிச்சு ஊத்துது. மார்கழி வர்றப்ப மண்ணு, தூசி எல்லாம் அடங்கி, காத்தைக் கழுவி வெச்சிருக்கும். பக்கத்துலயே கடல். அங்கே விடியக்காத்து நல்லதுதான். இங்கே செப்டம்பரோட மழை போயாச்சு. மார்கழி வர்றதுக்குள்ள ரெண்டரை மாசப் பாக்கி. ஆத்தா சொன்னது நிஜம். அந்த நிஜத்தை நான்தான் ஊர் மாத்தி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

"நம்ம ஊரு சுத்தம், இவங்க அசுத்தம்"னு காலரைத் தூக்கவும் வேண்டாம். 2018 போகி அன்னிக்குச் சென்னையில புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமத் திணறுச்சு. கடல் பக்கத்துலதான் இருந்தது. அன்னிக்கு விடியக்காலை காத்து அசையலை, அவ்வளவுதான். வருஷம் பூரா நாம நல்லவங்களா இருக்கிறது நம்ம குணத்தால இல்லை, கடல் தயவால.

அம்மா டிக்கெட்டை கேன்சல் பண்ணச் சொல்லலை, ஏன்னா நான் போடவே இல்லை :)

அதுக்கப்புறம் வீட்டு டைம்டேபிள் மாறுச்சு. ஜன்னல் மதியம் ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும். என் வாக்கிங் லஞ்ச் டயத்துல. கோலம் பதினோரு மணிக்கு, வெயில் வந்த பிறகு. "சாமி கோவிச்சுக்காதா அப்பாயி?"ன்னு பாப்பா கேட்டா. "மூச்சு விட்டாத்தான்டி சாமி கும்பிடவே முடியும்"னாங்க அம்மா.

வடக்கே இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம். போன்ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட 'சமீர்' ஆப் காட்டுற காற்றுத் தரக் குறியீடு, நுண்துகளுக்குக் கடந்த 24 மணி நேரச் சராசரியை வெச்சுப் போடறது. பேங்க் பாஷையில் சொன்னா சராசரி இருப்பு, இப்போதைய இருப்பு இல்லை. காலை ஆறுக்கும் மதியம் மூணுக்கும் உள்ள வித்தியாசம் அதுல தெரியாது. மணிக்கு மணி வர்ற பி.எம். 2.5 அளவைப் பாருங்க. வெளியே போற நேரத்தை அதை வெச்சு முடிவு பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் உறுத்திக்கிட்டே இருக்கு. நேரத்தை மாத்திக்கிறது என்னால முடிஞ்சது. எங்க தெரு சௌக்கிதார் பையா ராத்திரி முழுக்க அந்த மூடிக்குக் கீழேதான் விசில் ஊதிக்கிட்டு நடக்கிறார். குளிருக்குப் பழைய டயரைப் போட்டுக் கொளுத்தி, அந்தப் புகையையும் அவரேதான் குடிக்கிறார். அவருக்கு எந்த டாக்டரும் பத்து மணிக்கு முன்னாடி வராதீங்கன்னு எழுதிக் கொடுக்க முடியாது. காலனிக்காரங்க சேர்ந்து ஒரு சின்ன ரூமும் ஹீட்டரும் ஏற்பாடு பண்ணினோம். டயர் எரியறது நின்னது. அவர் நடக்கிறது நிக்கலை.

பாப்பாவுக்கு இப்ப குளிர்காலத்துல இன்ஹேலர் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்க்கிற அளவுக்கு மறுபடி போகலை. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். வரும்போது வரட்டும்.

அம்மா இப்பெல்லாம் மார்கழிக்கு வர்றதில்லை. ஆவணியில வர்றாங்க. போன தடவை வந்த மறுநாள் விடியக்காலை நாலரைக்குச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். ராத்திரி பெய்ஞ்ச மழையில் தெரு ஈரமா இருந்தது. எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. கேட்டுக்கு வெளியே அம்மா இழை இழுக்க, பாப்பா பக்கத்துல குந்திக்கிட்டுப் புள்ளி எண்ணிக்கிட்டு இருந்தா.

"ஆவணியில எதுக்கும்மா இவ்வளவு பெரிய கோலம்?"ன்னேன்.

"இந்த ஊருக்கு இதான்டா மார்கழி"ன்னுட்டு மறுபடி மாவை எடுத்தாங்க.